சிரிப்பதற்கு விட்ட இடம்

மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதில் குடைக்காரரின் பேச்சு மொத்தமும் போய்விட்டது. மனைவியைக் கூப்பிடும் சொல் போயிற்று. மகளின் பேர் போயிற்று. வேண்டும், வேண்டாம், வலிக்கிறது என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று. வீட்டைச் சுத்தமாக வழித்தெடுத்துப் போகிற திருடன் வாசல் மிதியடியை மட்டும் விட்டுவிட்டுப் போவானே, அது மாதிரி ஒன்றே ஒன்று மிஞ்சியது. கடற்கரைச் சதுக்கத்தைப் பற்றி முப்பது வருஷமாக வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லி நாக்கில் தழும்பேறிப்போன பேச்சு அது.

"வணக்கம். எல்லாரும் என் குடையைப் பார்த்துக்கிட்டே வாங்க. குடை தொலைஞ்சா நான் தொலைஞ்சேன், நான் தொலைஞ்சா நீங்க குடுத்த காசு தொலைஞ்சது. இப்போ நீங்க நிக்கிற இடம் ஒரு காலத்துல கடல். காலுக்கடியில இன்னும் தண்ணி இருக்கு. அதனால யாரும் ரொம்ப அழுத்தி நடக்காதீங்க..."

காலையில் கண் விழித்ததும் கூரையைப் பார்த்தபடி இப்படித் தொடங்குவார். குரல் மட்டும் கரகரத்து மெலிந்திருந்தது. சொல் ஒன்றுகூடப் பிசகவில்லை. மஞ்சள் குடை ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை நடத்திப் போன வழிகாட்டி என்பதால் ஊரில் அவருக்கு அந்தப் பேர். அந்தக் குடை இப்போது சக்கர நாற்காலியின் முதுகில் தொங்கியது, வெயிலுக்கு.

அவர் மனைவிக்குத் தையல் வேலை. சதுக்கத்தைச் சுற்றியிருக்கும் ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் ஓரம் பிரிந்து மூட்டையாக வரும். மடித்துத் தைத்து, இஸ்திரி போட்டு, அந்தந்த ஓட்டலின் நிற நூலால் மூலையில் ஓர் அடையாளம் போட்டு அனுப்ப வேண்டும். மெஷினை ஜன்னலோரம் வைத்து, அவர் நாற்காலியை அதன் எதிரில் வைத்துக்கொண்டாள். மெஷின் ஓடும்; அவர் பேசுவார். வெளியே போகிறவர்கள் கேட்டால், இந்த வீட்டில் என்ன ஓயாமல் பேச்சு, கொடுத்துவைத்த தம்பதி என்று நினைத்துக்கொள்வார்கள்.

"அது பேச்சு இல்லைம்மா, பழக்கம்" என்றார் டாக்டர். "மாடு வண்டிக்காரன் தூங்கினாலும் வீட்டுக்குப் போய்ச் சேரும்ல? அந்த மாதிரி நாக்கு தானா போகுது. வண்டியை அவர் ஓட்டலை."

அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். மனசு ஆட்டவில்லை. அவரைத் தெரிந்தது டாக்டருக்கா, தனக்கா? வீட்டுக்கு வந்து கூர்ந்து கேட்கத் தொடங்கினாள். சதுக்கத்து நீரூற்றைப் பற்றி அவர் சொன்னபோது ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள். மடமடவென்று குடித்தார். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சுங்க மாளிகையைப் பற்றி, "உள்ள வர்ற சரக்கெல்லாம் இந்தக் கதவு வழியாத்தான்" என்றபோது சாப்பாடு ஊட்டினாள். சாப்பிட்டார். கடலுக்கு இறங்கும் படிகளைப் பற்றிச் சொன்னபோது மூத்திரப் பாத்திரத்தை எடுத்து வந்து வைத்தாள். அதுவும் சரியாக இருந்தது, இரண்டு தடவை.

"அவர் பேசுறாரு. நமக்குத்தான் கேட்கத் தெரியணும்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். மாதக்கணக்கில் அப்படித்தான் குடித்தனம் நடந்தது. தாகமெடுத்த மனிதன் எதைச் சொல்லிவிட்டும் தண்ணீர் குடிப்பான் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றாததில் குற்றமும் இல்லை. நம்ப ஏதாவது ஒன்று கிடைத்தால் அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்க யாருக்குத்தான் மனசு வரும்?

குளிர் கூடிய ஒரு சாயங்காலம், அவர் மடியில் போர்வை போர்த்தி, அதற்குள் வெந்நீர்ப் பையை வைத்தாள். மூடி சரியாகத் திருகிக்கொள்ளவில்லை. அவள் மெஷினுக்குத் திரும்பியதும் அவர் ஆரம்பித்தார்.

"இந்த நீரூத்துல நிக்கிற அம்மாவுக்கு மூக்கு இல்லை பாருங்க. சண்டை நடந்தப்போ குண்டு வந்து..."

அவள் தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். மறுபடியும், "இந்த நீரூத்துல நிக்கிற அம்மாவுக்கு..." மறுபடியும் கொடுத்தாள். அவர் கண்ணில் நீர் வழிந்தது. அந்தக் கண்ணில் எப்போதுமே நீர் வழியும். "இன்னிக்கு என்னங்க இவ்வளவு தாகம்? மதியம் உப்பு அதிகமாயிடுச்சா?" என்று சிரித்துக்கொண்டே மூன்றாவது தடவையும் டம்ளரை நீட்டினாள். தான் இவ்வளவு நன்றாகப் புரிந்துகொள்கிறோமே என்று அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

மகள் வந்துதான் போர்வையை விலக்கினாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள். எத்தனையோ புண் பார்த்தவள். அப்பாவின் தொடையில் தோல் வெந்து சுருண்டிருந்ததைப் பார்த்ததும் ஈரப் போர்வையை உருவிக் கீழே போட்டாள்.

"அப்பா கத்தலையா?"

"இல்லை. பேசிக்கிட்டுத்தான் இருந்தாரு."

"என்ன பேசினாரு?"

"நீரூத்து."

"நீ என்னம்மா பண்ணே?"

"தண்ணி குடுத்தேன்."

அதற்கு மேல் மகள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மருந்து போட்டுக் கட்டிவிட்டு, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை ஊசி குத்திக் குத்திக் காய்த்திருந்தது.

புண் ஆறுவதற்குள் மகள் ஓர் இல்லம் பார்த்துவிட்டாள். ஊருக்கு வெளியே மேட்டில் இருந்தது. தர்மத்துக்கு நடத்துகிறார்கள், தூக்கி வைக்க, குளிப்பாட்ட ஆள் உண்டு. ஒரு படுக்கை காலியாயிருந்தது.

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஆமா, இல்லைன்னு சொல்லணும்மா. காத்துக்கிட்டு இருக்கறவங்க நிறைய. உன் இடுப்பு போயிடுச்சு. நீ அவரைத் தூக்கறப்போ ரெண்டு பேரும் சேர்ந்து விழப்போறீங்க. அப்புறம் நான் ரெண்டு நாற்காலி தள்ளணும்."

"அங்க அவரு பேசுறது யாருக்குடி புரியும்?"

'இங்கே யாருக்குப் புரிந்தது' என்று மகள் கேட்காமல் விட்டாளே, அது அவள் நல்ல மனசு.

"சாயங்காலம் சொல்றேன்" என்றாள் அம்மா.

மகள் வேலைக்குப் போனதும் அவருக்குச் சட்டை மாற்றி, தலை வாரி, சக்கர நாற்காலியைப் படியில் தடதடவென்று இறக்கினாள். ஒரு முடிவோடுதான் கிளம்பினாள். வீட்டுக்குள் இருந்துகொண்டு சுங்க மாளிகை, நீரூற்று என்றால் அதில் என்ன தெரியும்? சதுக்கத்தில், அந்தக் கட்டிடத்தின் எதிரிலேயே கொண்டுபோய் நிறுத்தினால்? கண்ணால் பார்த்து, பார்த்ததை வாயால் சொன்னால்? ஒன்றே ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட்டால் போதும், மனுஷன் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். இருந்தால் இடுப்பு ஒடிந்தாலும் தானே வைத்துக்கொள்வாள். "ஒண்ணே ஒண்ணு போதும் சாமி" என்று பஸ் ஸ்டாப்பில் நின்று கடவுளிடம் பேரம் பேசினாள். பஸ் கண்டக்டர் இறங்கி வந்து நாற்காலியை ஏற்றிக் கொடுத்தது அவளுக்கு நல்ல சகுனமாகப் பட்டது.

சதுக்கம் அன்றைக்கு வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. மூன்று பக்கம் மாளிகைகள், நாலாவது பக்கம் கடல். பழைய துறைமுகத்தை மண்ணும் கல்லும் கொட்டித் தூர்த்துவிட்டுத்தான் இதை உண்டாக்கினார்கள். இடது கையில் வளைவு வளைவாகச் சுங்க மாளிகை. அதன் வாசலில் மூட்டைகளை எடைபோட்ட இரும்புக் கொக்கி துருப்பிடித்து இன்னும் தொங்குகிறது. நடுவில் பீடத்தின் மேல் ராஜா சிலை. அதற்கப்பால் மூக்கில்லாத கல்பெண் குடத்தோடு நிற்கும் நீரூற்று. வலது கையில் கப்பல் கம்பெனிக் கட்டிடம், நெற்றியில் இரண்டு கடிகாரம். கடலோரத்தில் இரண்டு தூண்கள், அவற்றுக்கு நடுவே தண்ணீருக்குள் இறங்கிப்போகும் படிகள்.

குடைக்காரர் எப்போதும் சுங்க மாளிகைப் பக்கமிருந்துதான் தொடங்குவார். அவள் அங்கே போகவில்லை. அங்கிருந்து தொடங்கினால் பழக்கதோஷத்தில் தானாகச் சரியாய் வந்துவிடும். அது பரீட்சை ஆகாது. நல்ல தையற்காரி துணியைத் திருப்பிப் போட்டுத்தான் தையலைப் பார்ப்பாள். நேராகக் கடலோரத் தூண்களுக்கு, அவர் முடிக்கிற இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினாள்.

"என்னங்க, இங்க பாருங்க. எங்க வந்திருக்கோம் சொல்லுங்க."

காற்று அவர் முடியைக் கலைத்தது. கண்கள் அகலமாகத் திறந்திருந்தன. உதடு அசைந்தது.

"வணக்கம். எல்லாரும் என் குடையைப் பார்த்துக்கிட்டே வாங்க..."

"அது இல்லைங்க. இது தூணு. படி இருக்கு பாருங்க, படி."

"...இடது பக்கம் நீங்க பாக்கறது சுங்க மாளிகை. உள்ள வர்ற சரக்கெல்லாம் இந்தக் கதவு வழியாத்தான்..."

அவருடைய இடது பக்கம் வெறும் கடல் இருந்தது. நாற்காலியைத் திருப்பிக் கப்பல் கம்பெனிக்கு ஓட்டினாள். "இது? இதைச் சொல்லுங்க. ரெண்டு கடிகாரம்." அவர் சிலையைப் பற்றிச் சொன்னார். நீரூற்றுக்கு ஓட்டினாள், சிலைப் பேச்சே இன்னும் முடியவில்லை. குனிந்து, முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்தாள். "நான் யாருங்க? அதையாவது சொல்லுங்க."

அவர் பார்த்தார். வழிகாட்டிகள் கூட்டத்தைப் பார்க்கிற பார்வை அது. தலைகளுக்குச் சற்று மேலாக, எல்லோரையும் பார்க்கிற மாதிரி, யாரையும் பார்க்காமல். அந்தப் பார்வையில் அவளும் ஒரு வெளியூர்க்காரி.

அவளுக்குள் எதுவோ ஓசையில்லாமல் அறுந்தது. நீரூற்றின் கல்விளிம்பில் உட்கார்ந்தாள். அழுகைகூட வரவில்லை. இத்தனை மாதமாகத் தான் குடித்தனம் நடத்தியது யாரோடு? தினமும் தண்ணீர் கொடுத்து, சாப்பாடு கொடுத்து, 'புரியுதுங்க, புரியுதுங்க' என்று சொன்னது யாரிடம்? யாரும் இல்லாத வீட்டின் கதவைத் தட்டித் தட்டி, உள்ளே காலடி கேட்கிறது என்று தானே சொல்லிக்கொண்டாளா? அவள் கேட்ட ஒன்றே ஒன்றைக் கடவுள் தரவில்லை.

அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். வாலிபப் பையன்கள் இரண்டு பேர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். "தாத்தா திசை தெரியாம வந்துட்டாரு. சிலைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு சிலையைப் பத்திப் பேசுறாரு!" என்று ஒருவன் சிரித்தான்.

"டேய், போனைக் கீழ போடு. இல்லேன்னா அதையும் கடல்ல போட்டு ஒரு சரித்திரம் ஆக்கிடுவேன்."

ஒலிபெருக்கியில் வந்த குரல். எல்லோரும் திரும்பினார்கள். கழுத்தில் சின்ன ஒலிபெருக்கியை மாட்டிக்கொண்டு, பின்னால் ஒரு கூட்டத்தோடு 'மைக்செட்' நின்றிருந்தார். அவரும் வழிகாட்டிதான். குடைக்காரருக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். குடைக்காரர் வெறும் தொண்டையால் பேசும்போது, பக்கத்திலேயே வந்து ஒலிபெருக்கியை வைத்து அமுக்குவார். 'கூலிக்கு மாரடிக்கற குழாய்' என்று இவர் சொல்ல, 'மழை வராத ஊர்ல குடை' என்று அவர் சொல்ல, எத்தனையோ தடவை சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போயிருக்கிறது. வீட்டுக்கு வந்து குடைக்காரர் திட்டிய திட்டெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. இந்த ஆள் கண்ணிலா இன்றைக்குப் படவேண்டும் என்று கூசிப்போனாள்.

மைக்செட் கிட்டே வந்தார். குடைக்காரரின் முகத்தைப் பார்த்தார். காதைச் சாய்த்துக் கேட்டார்.

"...உடம்பு முதல் ராஜாவோடது. ஆட்சி மாறினப்போ புதுச் சிலை வைக்கக் காசு இல்லாம..."

"எத்தனை நாளா இப்படி, அண்ணி?"

"ஒரு வருஷம் ஆகப்போகுது. வேற பேச்சே இல்லை. எதையும் பார்த்துச் சொல்லலை. அதும்பாட்டுக்கு ஓடுது."

மைக்செட் ஒலிபெருக்கியை அணைத்து, கழுத்திலிருந்து கழற்றி, தன் கூட்டத்தில் ஓர் அம்மாவிடம் கொடுத்தார். "கொஞ்சம் பிடிங்கம்மா. இது இப்போ வேண்டாம்." நாற்காலியின் முதுகிலிருந்து மஞ்சள் குடையை உருவி விரித்தார்.

"எந்திரிங்க அண்ணி. கட்டிடத்துக்கிட்ட கொண்டுபோய் வச்சுக்கிட்டுப் பேச்சு வரட்டும்னு நின்னா எப்படி? பேச்சு எங்க போகுதோ அங்க நாம போவோம். இப்போ தலை ஜோக்கு வரப்போகுது. சிலைக்குத் தள்ளுங்க, தள்ளுங்க! இருபது வருஷம் இந்தக் காதுல விழுந்திருக்கு. எதுக்கப்புறம் எதுன்னு என் பொண்டாட்டி பேரை மறந்தாலும் மறக்காது."

என்ன செய்கிறோம் என்று புரிவதற்குள் அவள் தள்ளிக்கொண்டிருந்தாள். முன்னால் குடை ஓடியது. பின்னால் வெளியூர்க்கூட்டம் லொங்குலொங்கென்று வந்தது. சிலைக்கு முன்னால் நாற்காலி நின்றதும், குடைக்காரரின் குரல் சரியாக அங்கே வந்து சேர்ந்தது.

"...தலையை மட்டும் மாத்தி வச்சாங்க. அப்புறம் இன்னொருத்தர் வந்தாரு, இன்னொரு தலை. இதோட மூணாவது தலை இது. உடம்பு ஒருத்தரோடது, தலை வேற ஒருத்தரோடது. கல்யாணம் ஆன ஆம்பளைங்களுக்கு இது நல்லாப் புரியும்."

சொல்லிவிட்டு நிறுத்தினார்.

அந்த நிறுத்தம் அவளுக்குத் தெரியும். வீட்டில் தினமும் அந்த இடத்தில் மூச்சு வாங்குகிற மாதிரி நிறுத்துவார். மெஷினை நிறுத்திவிட்டு, 'என்னங்க? என்ன வேணும்?' என்று ஓடிவருவாள். ஒன்றும் இருக்காது. எதற்காக அந்த இடைவெளி என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

சிரிப்பு சரியாக அந்த இடைவெளி அளவுக்கு இருந்தது. அளந்து வெட்டின துணி மாதிரி பொருந்தியது. அது அடங்குகிற நேரத்தில் அவர் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினார்.

சிரிப்பதற்கு விட்ட இடம் அது. வேறொன்றும் இல்லை.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். ஏதாவது தெரிகிறதா? உதட்டோரம் ஒரு சுளிப்பு? ஒன்றும் இல்லை. இவ்வளவு பேர் சிரித்தது அவருக்குக் கேட்டதா என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனாலும் நாற்காலி போய்க்கொண்டிருந்தது. "அடுத்து மூக்கு, வாங்க வாங்க" என்று மைக்செட் முன்னால் ஓடினார். நீரூற்றுக்கு எதிரில் நீரூற்றுப் பேச்சு வந்தது. 'குண்டு வந்து மூக்கை எடுத்துச்சு, ஆனா குடத்துல தண்ணி மட்டும் நிக்கலை' என்ற இடத்தில் அவளுக்கு வெந்த தொடை ஞாபகம் வந்து கைப்பிடி நழுவிற்று. மைக்செட் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கைப்பிடியில் ஒரு பக்கத்தைத் தான் பிடித்துக்கொண்டார். இரண்டு கடிகாரத்தடியில், "ஒண்ணு கப்பல் கிளம்புற நேரம், இன்னொண்ணு கம்பெனி சொன்ன நேரம். ரெண்டும் இன்னிக்கு வரைக்கும் ஒத்துப்போகலை" என்றதும் மறுபடி சிரிப்பு. முதலில் கிண்டல் செய்த பையன் நாற்காலியின் முன்சக்கரம் கல்லில் தட்டியபோது குனிந்து தூக்கிவிட்டான்.

கடைசியில் படிகள்.

"இந்தப் படியில இறங்கிக் கப்பல் ஏறிப் போனவங்க ஏராளம். பஞ்சத்துல போனவங்க, சண்டைக்குப் போனவங்க. பாதிப் பேர் திரும்பி வரலை. இங்கேயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தவங்களுக்கு அது தெரியாது. அவங்களுக்காக ஒரு நிமிஷம் பேசாம நிப்போம்."

பேசாமல் இருந்தார். கூட்டமும் பேசாமல் நின்றது. தூணுக்குக் கீழே அலை ஒரு படியை நனைத்து இறங்கியது. இத்தனை நாளில் அந்த மனிதருக்குச் சொந்தமாய் ஓர் அமைதி கிடைத்தது அப்போதுதான். அவள் தண்ணீரைப் பார்த்தாள். இவரும் போய்விட்டார், இந்தப் படி வழியாகவே போய்விட்டார், தான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. வருவாரோ என்று நினைக்க இனி ஒன்றும் மிச்சமில்லை.

"இவ்வளவு நேரம் பொறுமையாக் கேட்டதுக்கு நன்றி" என்றார் அவர். பழைய அவள் என்றால் அதைத் தனக்கே சொன்னதாக எடுத்து மடியில் முடிந்துகொண்டிருப்பாள். இப்போது எடுக்கவில்லை. அது எல்லோருக்கும் சொல்கிற நன்றி.

கூட்டம் கை தட்டியது. அவர் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, "வணக்கம். எல்லாரும் என் குடையைப் பார்த்துக்கிட்டே வாங்க" என்று முதலிலிருந்து தொடங்கினார். மைக்செட் குடையை மடக்கி, தூசி தட்டி, நாற்காலியின் முதுகில் மாட்டினார்.

அவள் போனை எடுத்தாள். "கொண்டு வர்றோம்னு சொல்லிடுடி" என்றாள். அந்தப் பக்கம் மகள், "அம்மா" என்றாள்.

"எங்க அண்ணி?" என்றார் மைக்செட்.

சொன்னாள். மேட்டிலிருக்கும் இல்லம், காலியாயிருக்கும் படுக்கை, தன் இடுப்பு.

அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு, "அங்க முன்னாடி ஒரு முற்றம் இருக்கும்ல? வாரத்துல ஒரு நாள் நம்ம வழிகாட்டிப் பசங்களைக் கூட்டிக்கிட்டு வர்றேன். பேசறதுக்கு இல்லை. அந்த ரெண்டு, மூணு இடத்துல சிரிக்கணுமில்ல, அதுக்கு" என்றார்.

அது போதுமா என்று யாராவது கேட்டால், போதாது. ஒரு மனிதன் திரும்பி வருவதற்கு ஈடாக ஒரு பிடி சிரிப்பு எந்தத் தராசிலும் நிற்காது. கடவுள் சில பேருக்குக் கேட்டதைத் தருகிறார். சில பேருக்கு, கேட்டது கிடைக்காத நாளில் நாற்காலியின் ஒரு பக்கம் பிடிக்க ஆள் அனுப்புகிறார். அனுப்பியதை வேண்டாமென்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. "வாங்க தம்பி" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். நாற்காலியைக் கம்பியோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றாள். அவர் ஜன்னலைப் பார்த்துப் பேசிக்கொண்டே வந்தார். வெளியே சோப்பு விளம்பரமும் பள்ளிக்கூடச் சுவரும் ஓடின. அவர் சுங்க மாளிகையைச் சொன்னார், சிலையைச் சொன்னார். பக்கத்தில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"...கல்யாணம் ஆன ஆம்பளைங்களுக்கு இது நல்லாப் புரியும்."

நிறுத்தினார்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த ஜோக்கை அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். தன்னைத்தான் குத்துகிறார் என்று ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. இப்போது, பஸ் பூராவும் பார்க்க, வாயைத் திறந்து சிரித்தாள். அது நல்லாவே இல்லை. அழுகையும் கலந்து கோணலாக வந்தது. ஆனாலும் இடம் நிரம்பியது. அவர் அடுத்த வாக்கியத்துக்குப் போனார்.